அடிக்கட்டைகள்

சங்கப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்த அன்று பழைய பொருளாளரான பெரியவர் பணத்தை மூன்று முறை எண்ணினார். 1979, பொங்கல் கழிந்த மறுவாரம். சிங்காநல்லூருக்குக் கிழக்கே எங்கள் மில். கேட்டுக்கு எதிரே டீக்கடை, கடைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. அதுதான் சங்க ஆபீஸ். கைஇருப்பு 412 ரூபாய் 35 பைசா. வங்கிப் புத்தகத்தில் 3,870 ரூபாய். எழுதாத ரசீதுப் புத்தகம் பதினாறு, பாதி எழுதியது நான்கு, ரப்பர் முத்திரை ஒன்று, மைப்பெட்டி ஒன்று. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எழுந்திருக்கப் போன என்னைக் கையமர்த்தி, சுவரோரம் சணல் கயிற்றால் கட்டி அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளைக் காட்டினார்.

"இதை எண்ணாமப் போறியே கண்ணு."

அவை ரசீதுகளின் அடிக்கட்டைகள். 1961 தொடங்கி வருடத்துக்கு ஒரு கட்டு.

"காசு வரும், போகும். ஆரு குடுத்தாங்கங்கறது இதுல மட்டுந்தான் இருக்குது."

பதினெட்டுக் கட்டுகளையும் எண்ணி அந்தத் தாளில் சேர்த்து எழுதினேன்.

அப்போது எனக்கு 27 வயது. ஸ்பின்னிங்கில் சைடர், அதாவது நூற்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். மூன்று வருடம் வராதவர்களுக்குப் பதில் வேலை செய்யும் பதிலியாக ஓடி 1976-இல் நிரந்தரமானவன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பொருளாளர் ஆக்கினார்கள். மில் மூடும் வரை, 23 ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தேன். எங்கள் பக்கத்துப் போராட்டங்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆட்கள் உண்டு. அந்தப் போராட்டங்களுக்கு நோட்டீஸ் அடித்த காசு எங்கிருந்து வந்தது, லேபர் ஆபீசுக்குப் போன பஸ் டிக்கெட்டுக்கு யார் கொடுத்தார்கள் என்பதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது அதுதான்.

கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-க்குப் பிறகு பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் பஞ்சாலைகள் மளமளவென்று எழும்பின. எங்களுடையது அந்த வரிசையில் பிந்தி வந்த சிறிய நூற்பாலை. 1961-இல் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு, அந்த ஒரு மில்லுக்கான சங்கமாகப் பதிவு செய்தார்கள். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி அன்று ஏழு பேர் போதும். ஏழு பேரில் பெரியவரும் ஒருவர்.

பதிவு எதற்கு, கணக்கு எதற்கு என்று யாராவது சலித்துக்கொண்டால் அவர் பெரம்பூரிலிருந்து ஆரம்பிப்பார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. கூட நின்றார். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெரம்பூர் மில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா முதலானோர் மீது தடையாணை வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. தொழிலாளியைத் திரட்டியவர் கைக்காசிலிருந்து நஷ்டஈடு கட்ட வேண்டிவரும் என்ற நிலை. அதைப் பார்த்துத்தான் என்.எம். ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் வர மேலும் ஐந்து வருடமானது. பதிவு பெற்ற சங்கத்துக்கு அந்தச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. பதிலுக்கு ஆண்டுதோறும் வரவு செலவைப் பதிவாளருக்குக் காட்டச் சொன்னது; எங்கள் காலத்தில் அது டிசம்பர் 31 வரையிலான கணக்கு. "அத்தனை பேரு பட்ட பாட்டுக்கு நாம கணக்காவது ஒழுங்கா எழுதோணும்" என்று முடிப்பார். ஜனவரி 8-க்குள் ஆண்டுக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த கெடு. 1946-இல் சின்னியம்பாளையம் தொழிலாளிகள் நான்கு பேரைத் தூக்கிலிட்ட நாள் அது. கணக்கை முடிக்காமல் அந்த நினைவு நாளுக்கு அவர் போனதில்லை.

சங்கம் தொடங்கியபோது சந்தா மாதம் 25 பைசா. அதற்குக் கீழே போகக் கூடாது என்று 1960-இல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். 1970-இல் அதை 50 பைசாவாக்கினார்கள். நான் பெட்டியை வாங்கிய மாதம் ஒரு ரூபாய் ஆனது. உறுப்பினர்கள் 312 பேர். எல்லோரும் கட்டினால் 312 ரூபாய். முதல் மாதம் நான் வசூலித்தது 238.

சம்பளம் 7-ஆம் தேதி. மில்லுக்குள் வசூல் கூடாது. சங்கு ஊதி ஷிப்ட் விடும்போது கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மூன்று ஷிப்டுக்கும் மூன்று முறை. தப்பியவர்களை லைன் வீடுகளில் போய்ப் பிடிக்க வேண்டும். ரீலிங் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பார்கள். மீதிச் சில்லறையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள், நான் எண்ணியதில்லை. கார்டிங் ஆட்கள் பஞ்சுத் தூசி படிந்த தலையோடு, "எழுதி வையப்பா, நாளைக்குத் தாறேன்" என்பார்கள். நாளைக்கு மறுபடி போவேன். ரசீது எழுதாமல் காசு வாங்கக் கூடாது, காசு வாங்காமல் ரசீது எழுதக் கூடாது. இந்த இரண்டையும் பெரியவர் சத்தியம் மாதிரி வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு ரூபாய் வாங்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம்தான் சங்கம் என்று எனக்குப் புரியவே இரண்டு வருடம் பிடித்தது. ஒருவர் மெமோவைக் காட்டுவார். பாபின் மாற்றும் டாஃபர் பையன் ஒருவன் பட்டையில் சிக்கி நசுங்கிய விரலைக் காட்டுவான். விபத்துப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று கேட்டால் முழிப்பான். ஒருவருக்கு இ.எஸ்.ஐ. மருந்துச் சீட்டில் பெயர் தப்பாக இருக்கும். யார் வீட்டில் கந்துவட்டிக்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது திண்ணையிலேயே தெரிந்துவிடும். சந்தாவுக்குப் போன நான் இதையெல்லாம் சுமந்துகொண்டு செயலாளரிடம் வருவேன். எங்கள் கோரிக்கைப் பட்டியல்கள் பெரும்பாலும் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதப்பட்டவை.

செலவு? அறை வாடகை மாதம் 40 ரூபாய். டைப் அடிக்க, நோட்டீஸ் அச்சடிக்க, தபால் தலை, கேட் மீட்டிங்குக்கு மைக் செட், சம்மேளனத்துக்கு இணைப்புக் கட்டணம். இதற்கு மேல் ஏதாவது மிஞ்சினால் அது அதிசயம். வக்கீல் செலவு குறைவு. சமரசப் பேச்சுக்கு வக்கீலை அழைத்து வர அன்றைய சட்டமே இடம் தரவில்லை. லேபர் கோர்ட்டிலும் எதிர்த்தரப்பு ஒப்பி, கோர்ட்டும் அனுமதித்தால்தான் வக்கீல். எங்கள் செயலாளர் ஏழாவது வரை படித்தவர், மில்லின் சிம்ப்ளக்ஸ் இயந்திரத்தில் வேலை. கோட்டுப் போட்ட பர்சனல் ஆபீசருக்கு எதிரே உட்கார்ந்து அவரே வழக்காடுவார். அவர் இழக்கும் அன்றைய கூலியில் பாதியைச் சங்கம் கொடுக்கும். மறுபாதி அவர் வீட்டுக் கணக்கு. அந்தப் பாதிகளைக் கூட்டினால் எங்கள் சங்கத்தின் உண்மையான சொத்து எவ்வளவு என்பது தெரியும். எந்தப் புத்தகத்திலும் அதற்கு இடமில்லை.

1980-இல் நாடாளுமன்றத் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் ஒரே வருடத்தில் வந்தன. பெட்டியிலிருந்து 500 ரூபாய் எடுத்து ஒரு வேட்பாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று கமிட்டியில் பலர் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. பெரியவர் அப்போது கமிட்டியில் இல்லை, பழக்க தோஷத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். சட்டத்தின் 15, 16 பிரிவுகளை விரல்விட்டுச் சொன்னார். பொது நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று பட்டியல் இருக்கிறது, தேர்தல் அதில் இல்லை. அரசியலுக்கென்றால் தனி நிதி, தனி ரசீது. விரும்பியவர் தரலாம், தராதவரை உறுப்பினர் உரிமையில் குறைக்கக் கூடாது. "அந்த ரீலிங்கு அம்மிணி எந்தக் கட்சின்னு உனக்குத் தெரியுமா? அவ ரூவா இதுல இருக்குதல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தனிப் புத்தகம் போட்டோம். 23 பேர் கொடுத்தார்கள், 61 ரூபாய் சேர்ந்தது. கமிட்டியில் சிலர் பெரியவரோடு ஒரு மாதம் பேசவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் அவர் மேல் பயம் போய் மரியாதை வந்தது.

அடுத்த வருடம் நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. மூன்றாம் ஷிப்ட் வசூலை கோன் வைண்டிங் அண்ணன் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். 1981 நவம்பரில் அவர் புத்தகத்தை அடிக்கட்டையோடு ஒத்துப் பார்த்தபோது 187 ரூபாய் குறைந்தது. மகளுக்கு டைபாய்டு, பத்து நாள் ஆஸ்பத்திரி. கையில் இருந்த சங்கக் காசு அங்கே போய்விட்டது. மறைக்காமல் சொன்னார். கமிட்டியில் ஒரு பக்கம் நீக்கச் சொன்னது. மறுபக்கம் 'மருத்துவ உதவி' என்று செலவெழுதி முடிக்கச் சொன்னது. உறுப்பினரின் நோய்க்கு உதவச் சட்டத்தில் இடமிருந்தது. நான் இரண்டாவது பக்கம்.

பெரியவர் இரண்டுக்கும் ஒப்பவில்லை. "கேட்டிருந்தாக் குடுத்திருப்போம். குடுக்காத ஒதவியக் குடுத்ததா எழுதினா, நாளைக்கு நீ எழுதற எதை நான் நம்பறது?" ஆகவே ஐந்தொகையில் சொத்துப் பக்கம் ஒரு வரி ஏறியது: வர வேண்டியது, ரூ. 187. அந்த அண்ணன் ஆறு மாதம் சந்தாவும் கட்டவில்லை, எங்கள் முகத்திலும் விழிக்கவில்லை. ஏழாம் மாதம் நானே வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். பழைய பாக்கியைப் பேசாமல் அந்த மாத ரூபாயை மட்டும் வாங்கி ரசீது எழுதினேன். அதற்குப் பிறகு அவர் ஒரு மாதமும் தவறியதில்லை. ஆனால் அந்த 187 ரூபாயை அவரும் கட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் மகாசபையில் ஐந்தொகையைப் படிக்கும்போது அந்த வரியை மட்டும் வேகமாகப் படித்துக் கடப்பேன். கூட்டத்தில் அவர் தலை குனிந்திருக்கும். கணக்கு சரிதான். ஆனால் மாதம் ஐந்து ரூபாயாகக் கட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்றேகால் வருடத்தில் அந்த வரி போயிருக்கும். அதைச் சொல்லாதது என் தப்பு.

1984-இல் கதவடைப்பு வந்தது. 61 நாள். காரணம் வேலைப்பளு, ஒரு சைடருக்கு இத்தனை ஸ்பிண்டில் என்றிருந்ததைக் கூட்டினார்கள். கேட்டில் பூட்டு விழுந்த அன்று வங்கியிலும் கையிலுமாக 8,600 ரூபாய் இருந்தது. 296 உறுப்பினர்கள். பிரித்தால் தலைக்கு 29 ரூபாய். பிரித்துக் கொடுத்துவிடு என்று கூட்டத்தில் கத்தினார்கள். அவரவர் வீட்டு அடுப்பு அவரவரைக் கத்த வைத்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பெரியவர் அதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டார். அவர் வீட்டுக்குப் போனேன். பணத்தைப் பிரிக்காதே, மளிகைக்கடைக்குக் கொண்டுபோ என்றார். ஒண்டிப்புதூரிலும் சிங்காநல்லூரிலும் இரண்டு கடைகளில் தலா 2,500 ரூபாய் முன்பணம் கட்டினோம். சங்க முத்திரை போட்ட சீட்டைக் கொண்டுவருபவருக்கு வாரம் இவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய். மேற்கொண்டு ஆவது சங்கத்தின் கடன். சீட்டு எல்லோருக்கும் இல்லை. பதிலிகள், விதவைகள், வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லாதவர்கள் என்று 74 குடும்பம். அந்தப் பட்டியலை எப்படி ஒரே ராத்திரியில் எழுதினேன் என்று பலர் கேட்டார்கள். ஐந்து வருடமாக ஒரு ரூபாய்க்காக அத்தனை வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்தவனுக்கு அது பெரிய வேலையில்லை. பட்டியலில் இல்லாதவர்களில் ஒருவர்கூட வந்து சண்டை போடவில்லை. எனக்கும் கொஞ்சம் வயல் இருந்தது, நானும் பட்டியலில் இல்லை.

7-ஆம் தேதி மற்ற மில் கேட்டுகளில் உண்டியல் ஏந்தினோம். இரண்டு சம்பள நாள், ஏழு மில். 6,218 ரூபாய். பெரும்பகுதி நாலணா, எட்டணா. டீக்கடைப் பெஞ்சில் கொட்டி எண்ணி அடுக்கும்போது கை கறுத்துப்போகும். எங்களுக்கு எதிர்ச் சங்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவர்களும் போட்டார்கள். அதுவரை, யார் போட்டார்கள் என்று அடிக்கட்டை இல்லாத ஒரே வரவு அதுதான். மில் கேட் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதி வைத்தேன். 61-ஆம் நாள், கூட்டிய வேலைப்பளுவைப் பாதியாகக் குறைத்து ஒப்பந்தம் ஆனது. ஜெயித்தோம் என்றும் சொல்ல முடியாது, தோற்றோம் என்றும் சொல்ல மாட்டேன். பெட்டியில் மிச்சம் 112 ரூபாய். மளிகைக்கடைகளுக்குப் பாக்கி 4,300. தீபாவளி போனஸில் ஆளுக்கு ஒரு நாள் கூலி தர எல்லோரும் ஒப்பினார்கள். 14 மாதத்தில் கடனை அடைத்தோம். கடைக்காரர்கள் இருவரும் ஒரு நாளும் ஆள் அனுப்பிக் கேட்டதில்லை.

கடன் தீர்ந்த பிறகும் அந்த ஒரு நாள் கூலி தொடர்ந்தது, கட்டட நிதி என்ற பெயரில். சந்தா 1986-இல் இரண்டு ரூபாய் ஆனது. பெட்டியில் முதன்முறையாக ஐந்து இலக்கத்தில் பணம் சேர்ந்தது. இரண்டு சென்ட் இடம் வாங்கிச் சொந்தக் கட்டடம் கட்டுவது எல்லோருடைய கனவு. நாங்கள் சேர்க்கச் சேர்க்க திருச்சி ரோட்டில் நிலத்தின் விலை எங்களைவிட வேகமாக ஏறியது. இடம் கடைசி வரை வாங்கவில்லை.

பணம் வந்ததும் புதிய யோசனையும் வந்தது. தொழிலாளி எழுதிக் கொடுத்தால் சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்து நிர்வாகம் சங்கத்துக்குக் கட்டலாம் என்று ஊதியம் வழங்கல் சட்டத்தில் 1982-இலேயே இடம் செய்திருந்தார்கள். 1991-இல் புதிய செயலாளர் அதைக் கொண்டுவந்தார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது. மூன்று ஷிப்டுக்கும் நின்று 12 வருடமாகிவிட்டது. முதல் மாதமே ஒரு பைசா குறையாமல் முழுச் சந்தாவும் செக்காக வந்தது. பெரியவரிடம் பெருமையாகச் சொல்லப் போனேன். கண் மங்கி, கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். "ரசீது?" என்று கேட்டார். இனி ரசீது தேவையில்லை, சம்பளச் சீட்டிலேயே வந்துவிடும் என்றேன். "அப்ப நீ எதுக்குப் போவே அவங்க வூட்டுக்கு?" என்றார். கிழவர் காலத்தோடு ஒட்டாமல் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். 1993-இல் அவர் காலமானார். சங்கக் கணக்கில் மாலைச் செலவு 40 ரூபாய் என்று எழுதினேன்.

அவர் கேட்ட கேள்விக்கு ஏழு வருடத்தில் பதில் வந்தது. 1994-இல் சந்தாவை ஐந்து ரூபாயாக்கியபோது கூட்டத்துக்கு வந்தவர்கள் 40 பேர். ஒரு ரூபாயாக்கியபோது 200 பேர் வந்து இரவு பத்து மணி வரை வாதாடியிருந்தார்கள். வாதாடாமல் ஐந்து ரூபாய் வந்துவிட்டதே என்று அன்று நான் கவலைப்படவில்லை. புதிதாகச் சேர்ந்த சிலருக்கு என் முகமே தெரியாது. யார் யார் சங்கத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எங்களிடம் இருந்ததைவிடச் சுத்தமாக நிர்வாகத்திடம் இருந்தது.

1998-இல் ஆட்குறைப்புத் தகராறு முற்றியபோது நிர்வாகம் செய்த முதல் வேலை சந்தாப் பிடித்தத்தை நிறுத்தியது. ஒரே மாதத்தில் எங்கள் வரவு சுழியம். புது ரசீதுப் புத்தகம் அச்சடித்துக்கொண்டு மறுபடி கேட்டுக்கு ஓடினேன். 160 உறுப்பினர்களில் அந்த மாதம் காசு கொடுத்தவர்கள் 61 பேர். மீதிப் பேர் கெட்டவர்கள் அல்ல. கொடுக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது, வாங்கும் பழக்கம் எனக்கும் விட்டுப்போயிருந்தது. ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பியிருக்கிறேன். பாக்கியெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது. வீடு வீடாகப் போனதால் வந்தது.

அந்த வருடங்களில்தான் மில்லுக்குள் கேம்ப் பெண்கள் வந்திருந்தார்கள். தென் மாவட்டங்களிலிருந்து 16, 17, 18 வயதுப் பிள்ளைகள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. சுமங்கலித் திட்டம் என்று ஊரே அறிந்த பெயர். தினக்கூலி கொஞ்சம், அதிலும் சாப்பாட்டுக்குப் பிடித்தம். ஏட்டில் அவர்கள் பயிலாளிகள். ஞாயிற்றுக்கிழமை வார்டனோடு வரிசையாகக் கடைவீதிக்கு வந்து போவார்கள். அப்படி ஒரு ஞாயிறு டீக்கடை வாசலில் ஒரு பெண் வரிசையைவிட்டு இரண்டடி ஒதுங்கி வந்தாள்.

"சங்கத்துல சேர எவ்வளவுங்கண்ணா?"

மாதம் ஐந்து ரூபாய் என்றேன். கையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைத்திருந்தாள். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பதினைந்து வயது நிரம்பிய யாரும் சங்க உறுப்பினராகலாம் என்று தொழிற்சங்கச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அன்று சொன்னது. அந்தப் புத்தகம் என் மேஜையில்தான் இருந்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து ரூபாய் என்றால் அவளுக்கு ஒரு ரூபாய் என்று வைப்பதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கமிட்டியில் கேட்டேன். அவர்கள் நம் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்றார் ஒருவர், மூன்று வருடத்தில் போய்விடுவார்கள் என்றார் இன்னொருவர். நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவுமில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

2002 ஜூனில் மில் மூடியது. கிராஜுவிட்டிக்கும் இழப்பீட்டுக்கும் நடந்த அலைச்சல் தனிக் கதை. அது முடிந்தபின் 2004-இல் சங்கத்தைக் கலைத்தோம். கலைப்பு அறிவிப்பில் ஏழு உறுப்பினர்களும் செயலாளரும் கையெழுத்திட்டுப் பதினான்கு நாளுக்குள் பதிவாளருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஏழு பேரோடு தொடங்கியதற்கு மறுபடி ஏழு கையெழுத்து. நிதியை எப்படிப் பிரிப்பது என்று சங்க விதிகளில் இல்லாவிட்டால் பதிவாளரே உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருவார் என்பது அன்றைய சட்டம். எங்கள் விதிப் புத்தகத்தில் இருந்தது: அவரவர் செலுத்திய மொத்தச் சந்தாவின் விகிதப்படி. 1961-இல் அந்த ஏழு பேர் எழுதிய கடைசி விதி அது.

118 உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் வாழ்நாளில் கட்டிய சந்தாவைக் கூட்ட வேண்டும். சணல் கயிறுகளை அவிழ்த்தேன். நானும் இன்னும் இருவரும் மூன்று மாதம் உட்கார்ந்தோம். 1961 முதல் 1991 வரை சிக்கலே இல்லை. ஒவ்வொரு நாலணாவும் பெரியவர் கையெழுத்திலோ என் கையெழுத்திலோ இருந்தது. 1991-க்கும் 1998-க்கும் நடுவில் கட்டு இல்லை. பிடித்தப் பட்டியல் மில் ஆபீசில், ஆபீசுக்குச் சீல். உறுப்பினர்கள் மஞ்சள் பைகளில் பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்தார்கள். சிலர் வீட்டில் கரையான் தின்றிருந்தது. அவர்கள் சொன்னதை மற்றவர்கள் சாட்சி சொல்லி எழுதிக்கொண்டோம். அந்த ஏழு வருடத்துக்கு மட்டும் எங்கள் கணக்கு பிறர் வாக்கை நம்பி நின்றது.

மொத்தச் சந்தா 89,325 ரூபாய். வைப்புத் தொகை, கட்டட நிதி, வட்டி, அந்தப் பழைய 187, எல்லாம் சேர்ந்து 71,460. கட்டிய ஒரு ரூபாய்க்கு 80 பைசா. நான் கட்டியது 804 ரூபாய், எனக்கு 643 ரூபாய் 20 பைசா வந்தது. கோன் வைண்டிங் அண்ணன் கட்டியது 840. பங்கு 672. பழைய பாக்கி 187 போக 485 என்று எழுதி அவர் முன் தாளை வைத்தேன். பணத்தை வாங்கி எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த வரிய அடிச்சாச்சுங்களா?"

பேரேட்டைத் திருப்பிக் காட்டினேன். சிவப்பு மையில் அடித்திருந்த கோட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீ சொல்லி, எங்கள் எல்லோருக்கும் அவரே காசு கொடுத்தார்.

பேரேடும் முத்திரையும் செயலாளர் வீட்டில் இருக்கின்றன. அடிக்கட்டைகள் எங்கள் வீட்டுப் பரணில். சென்ற வருடம் மறுபடி இறக்கித் தூசி தட்டினேன். நாற்பத்தோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான பெயர்கள். கேம்ப் பெண்கள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. அந்த ஐந்து ரூபாய்க்கு ஒரு ரசீது எழுத எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

எங்காவது ஒரு சின்னச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்து இதைப் படிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். சந்தா போனிலேயே வருகிறது, வங்கியிலேயே ஏறுகிறது என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த சம்பள நாளில் ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்குப் போங்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள்.